அச்சாணியும் பாய்மரமும்

(இயந்திரவியல் துறை மூன்றாம் ஆண்டு மாணவன்)

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பார்கள் நம் பெரியவர்கள். தேர் எத்தனை பெரியது! அச்சாணி எத்தனை சிறியது! ஆனாலும் தேர் நிலைக்கு வந்து சேருவதும், நடுத்தெருவில் குடை சாய்வதும் அந்தச் சின்ன ஆணியின் கையில்தான் இருக்கிறது. இந்தப் பழமொழிக்கு நம் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. அதுதான் பாய்மரப் படகு.

“என்னது, புதுக்கோட்டையில் கடலா?” என்று நம் விடுதி நண்பர்களே கேட்பதுண்டு. வெளியூர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை என்றால் அரண்மனையும் சித்தன்னவாசலும்தான். ஆனால் அறந்தாங்கியைத் தாண்டிக் கிழக்கே போய்ப் பாருங்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவின் கரை வரிசையாக வருகிறது. அந்தக் கரையிலிருந்து வந்து நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன் இந்தக் கரை முழுவதும் வள்ளங்கள் பாய் விரித்துத்தான் ஓடின. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் பாக் விரிகுடாப் படகுகளும் இடம் பெற்றன. படகுக்குக் குறுக்கே ஒரு பலகை நீட்டியிருக்கும். காற்று அடிக்கும் பக்கமாக ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்து, தங்கள் எடையாலேயே படகு கவிழாமல் பார்த்துக் கொள்வார்கள். நமக்குப் பக்கத்திலேயே தொண்டிக் கரையோரம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இந்த வித்தையை இன்றும் பார்க்கலாம்.

பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது வல்வெட்டித்துறை. அங்கே தமிழ்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அந்தக் கப்பல் சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய ‘சுஹைலி’ என்ற 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ல் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22ல் கரை சேர்ந்தார். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர். வழியில் ஒழுகல் கண்டபோது தாமே கடலுக்குள் இறங்கி அடைத்தார். படகு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பழைய படகில் ஏதாவது ஒரு உறுப்பை மட்டும் பெரிசாக மாற்றிவிட்டால் படகு பலப்பட்டு விடாது. பலவீனம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடி போகும், அவ்வளவுதான். ஆகவே மாற்றுவதற்கு முன்னால் சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனை டிப்ளமா படிக்கும் நம்முடைய வேலை.

பாரம் எங்கே போகிறது?

நம்ம ஊர் வள்ளத்தில் இந்த அமைப்பு எளிமையானது. பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பு பருமல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இதோடு மரக் கப்பி ஒன்றிரண்டு. திடீரென்று காற்று பலத்தால் தாமானைத் தளர்த்தி விடுவார்கள், பாய் காற்றை விட்டுவிடும். அதாவது பாய்லருக்கு சேஃப்டி வால்வு மாதிரி இந்தப் படகுக்கு மனிதனின் கையே வால்வு!

சென்னை, மும்பை, கோவா துறைமுகங்களில் நிற்கும் யாட் படகுகள் வேறு ரகம். சென்னையில் 1911லேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கிவிட்டது. ஃபைபர் உடல், அலுமினியப் பாய்மரம், அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும் எவர்சில்வர் கம்பி வடங்கள் என்று இன்றைய யாட் இருக்கும். இதில் பாரம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். காற்று பாயைத் தள்ளுகிறது. பாய் மரத்தைத் தள்ளுகிறது. மரத்தை வடம் பிடிக்கிறது. வடத்தின் அடிமுனை ஒரு டர்ன்பக்கிளில் முடிகிறது. டர்ன்பக்கிள் ஒரு பின்னில் மாட்டியிருக்கிறது. அந்தப் பின்னோ, படகின் உடலோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பட்டைத் தகட்டில் நிற்கிறது. இத்தனை பேரும் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவர் கையை விட்டால் மரம் சாய்ந்தது!

மெஷின் டிசைன் வகுப்பில் இரட்டை வெட்டுத் தகைவு என்று ஒரு கணக்குப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையோடு மறந்துபோன அந்தக் கணக்கு இங்கே உயிரோடு இருக்கிறது. 19 கம்பிகளை முறுக்கிய 6 மி.மீ. எவர்சில்வர் வடம் அறுபட ஏறக்குறைய 3 டன் இழுவை வேண்டும். அதாவது சுமார் 29,400 நியூட்டன். 12 மி.மீ. பின் போட்டிருந்தால் இரண்டு வெட்டுப் பரப்பும் சேர்ந்து 226 சதுர மி.மீ. அப்போது தகைவு சதுர மி.மீ.க்கு 130 நியூட்டன். அந்தப் பின் தொலைந்து போய், “இருக்கிறதைப் போடுப்பா” என்று 8 மி.மீ. போல்ட்டைச் சொருகினால் பரப்பு 100 ஆகக் குறைகிறது. தகைவு 293க்கு ஏறிவிடுகிறது. விட்டம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தகைவு ஏறியதோ 2¼ மடங்கு! போதாததற்கு, ஓட்டை பெரிசு போல்ட் சிறிசு என்பதால் உள்ளே ஆடி வளையவும் செய்யும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக மாட்டியிருப்பது போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

‘எவர்சில்வர் துருப்பிடிக்காது’ என்பது பொய்

நம் வீட்டுக் குடமும் டம்ளரும் துருப்பிடிப்பதில்லை. அதனால் எவர்சில்வருக்கு அழிவே இல்லை என்று நாம் நம்புகிறோம். உண்மை என்னவென்றால், அதிலிருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய தோலை உண்டாக்கிக் கொள்கிறது. அந்தத் தோல் இருக்கும் வரைதான் பாதுகாப்பு. வடத்தின் முனை குழல் போன்ற பிடிக்குள் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் இறங்கித் தேங்கும், காற்று போகாது. கிழிந்த தோல் மறுபடி வளர ஆக்சிஜன் கிடைக்காது. குளோரைடு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வெளியே பளபள, உள்ளே கரகர!

அதனால்தான் மேல்முனையைவிடத் தண்ணீர் வழிந்து இறங்கும் அடிமுனையை முதலில் சந்தேகிக்க வேண்டும். 304 ரகத்தைவிட, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் கடலுக்கு நல்லது. ஆனால் அதுவும் அமரத்துவம் பெற்றதல்ல. கடலில் ஓடும் யாட்டுகளில் எவர்சில்வர் வடங்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவதை நல்ல வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த எதிரி உலோகங்களின் சண்டை. அலுமினிய மரத்தில் எவர்சில்வர் ஸ்குரூவை நேரடியாக முடுக்கினால், நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தவுடன் அது ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும். நடுவில் நைலான் வாஷரோ, அதற்கென்று உள்ள காப்புப் பசையோ வைத்தால் தீர்ந்தது. கெமிஸ்ட்ரி லேபில் நாம் செய்த மின்கலப் பரிசோதனைதான் இது. ஆனால் அங்கே மார்க் போகும், இங்கே மரம் போகும்.

மூன்றாவது எதிரி சோர்வு. மனிதனுக்கு மட்டுமல்ல, உலோகத்துக்கும் சோர்வு உண்டு. காற்றுக்கு மறுபக்கம் தொய்ந்து கிடக்கும் வடம், படகு ஆடும்போதெல்லாம் வெடுக் வெடுக்கென்று இழுபடும். ஒவ்வொரு இழுப்பும் சிறியதுதான். லட்சம் தடவை ஆனால் என்ன ஆகும்? ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுவதைப் பார்த்து, 1829ல் அவற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதித்தார். பிறகு 1834ல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு. வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும், நமக்கும் எச்சரிக்கை கிடைக்கும். ஆக, இன்று கப்பலில் இருக்கும் கம்பி வடம் சுரங்கத்தில் பிறந்த பிள்ளை. அறுந்த ஒற்றைக் கம்பியை நறுக்கி எறிந்துவிட்டு, “இன்னும் பதினெட்டு இருக்குல்ல” என்று சொல்பவன், அந்த எச்சரிக்கை மணியைத்தான் நறுக்கி எறிகிறான்.

மாற்றம் வேறு, முன்னேற்றம் வேறு

இப்போது மேம்பாட்டுக்கு வருவோம். “6 மி.மீ. வடத்துக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் பலம்தானே?” என்று கேட்கலாம். வடத்தின் பலம் ஏறக்குறைய 1.78 மடங்கு ஆகும், உண்மைதான். ஆனால் எடையும் அதே 1.78 மடங்கு ஆகும். அந்த எடை உட்காருவது படகின் அடியில் அல்ல, தலைக்கு மேலே. மேலே எடை கூடினால் படகின் நிலைப்புத்தன்மை குறையும். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த புவியீர்ப்பு மையம் இதைத்தான் சொல்கிறது. கீழே இருக்கும் பின்னும் பட்டைத் தகடும் பழையவையாகவே இருந்தால், முன்பு வடம் அறுந்த இடத்தில் இனி தகடு பிய்த்துக்கொண்டு வரும். வடம் அறுந்தால் வடத்தை மாற்றலாம். தகடு பிய்ந்தால் படகின் உடம்பே கிழியும். எது மேல்?

கயிற்றிலும் இதே கதைதான். டைனிமா என்ற புதுவகைச் செயற்கைக் கயிறு, அதே தடிமன் எஃகு வடத்துக்கு ஈடு கொடுக்கும். எடையோ அதில் ஒரு சிறு பங்கு. இழுத்தாலும் நீளாது. அருமையான பொருள், மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக் கொண்டது. புதுக்கயிறு அதை அப்படியே மரத்தின் உச்சியிலிருக்கும் கப்பிக்கும், அடியிலிருக்கும் பிடிப்புக்கும் அனுப்பிவிடும். அதுவரை கம்பி வடம் ஓடி, பள்ளம் விழுந்து, விளிம்பு கத்தி மாதிரி ஆகிவிட்ட கப்பியில் புதுக்கயிற்றை ஓட்டினால் சில நாளில் நார் நாராகப் பிரியும். சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகும் பொருள் அது. வின்ச்சில் வழுக்கி உராய்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். கயிற்றை மாற்றுகிறவன் கப்பியையும் பார்க்க வேண்டும். கப்பியை மாற்றுகிறவன் அதைத் தாங்கும் பின்னையும் பார்க்க வேண்டும்.

அதற்காகப் புதியதே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பாரம் போகும் பாதை முழுவதையும் ஒரு தாளில் வரைந்து, எந்த உறுப்பு எவ்வளவு தாங்கும் என்று எழுதி, பிறகு கடைக்குப் போங்கள் என்பதே என் வேண்டுகோள். சில சமயம் ஆயிரக்கணக்கில் விலையுள்ள வடம் தேவையே இருக்காது. வடத்தின் முனை எப்பக்கமும் அசைந்து கொடுக்க ஒரு டாகிள் மூட்டும், டர்ன்பக்கிள் அதிர்வில் கழன்று போகாமல் இருக்க ஒரு ஸ்பிலிட் பின்னும் போதும். ஸ்பிலிட் பின் என்ன விலை? நாம் குடிக்கும் ஒரு டீயின் விலைதான் இருக்கும்.

“பாய்மரம்தான் போயே போச்சே!”

இதுவரை படித்த நண்பர் ஒருவர் கேட்கலாம்: “ஏம்பா, இன்னிக்கு கோட்டைப்பட்டினத்திலேயும் ஜெகதாப்பட்டினத்திலேயும் நிக்கிறது விசைப்படகு. பாய்மரத்தைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்?” நியாயமான கேள்விதான். ஆனால் விசைப்படகின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். இழுவலையை இழுக்கும் கம்பி வடம், வின்ச், கப்பி, ஷாக்கிள், திம்பிள், யூ-கிளாம்ப், எல்லாம் அங்கே இருக்கின்றன. பாய்மரக் காலத்தின் பிள்ளை குட்டிகள்தான் இவை. பாரத்தோடு அறும் கம்பி வடம் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். எதிரே நிற்பது நம் வகுப்புத் தோழனின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இதைவிட வேறு பிரயோஜனம் வேண்டுமா?

யூ-கிளாம்ப்பையே எடுத்துக் கொள்வோம். கடலுக்குப் போக வேண்டாம். பந்தல், கொடிக்கம்பம், டவர் ஸ்டே ஒயர் என்று ஊருக்குள்ளேயே பாருங்கள். வடத்தை மடித்துப் பிடிக்கும்போது, கிளாம்ப்பின் அகலமான அடிக்கட்டை பாரம் தாங்கும் நீள வடத்தின் மேல் உட்கார வேண்டும். வளைந்த யூ போல்ட் மடித்துவிட்ட குட்டை முனையின் மேல் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் யூ போல்ட் பாரம் தாங்கும் கம்பிகளையே நசுக்கிவிடும். சிறிய வடத்துக்குக் கூட இரண்டு மூன்று கிளாம்ப் வரிசையாக வேண்டும். முதல் பாரம் ஏற்றிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். இதைச் சரியாகப் போட்டிருக்கும் இடங்கள் எத்தனை, தலைகீழாகப் போட்டிருக்கும் இடங்கள் எத்தனை என்று நாளைக்கு பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பாருங்கள். நம் கையில் இருக்கும் டிப்ளமாவுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. “கடலோடிகளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்பது. கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடை எப்போது பலக்கும் என்பதில் அவர்களுக்கு முன்னால் நாம் கைகட்டித்தான் நிற்க வேண்டும். கயிற்றைக் கையில் தடவியே அதன் ஆயுசைச் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்த விரல் தேர்ச்சி பெற்றது கயிற்றில். எவர்சில்வர் பிடிக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை வெடிப்பு விரலுக்கு அகப்படாது. அதற்கு லென்ஸும், நம் லேபில் இருக்கும் சாயம் ஊடுருவும் சோதனையும் வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசி, 10 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாகத் தன்னைத்தானே காட்டிக் கொடுக்கும். அவர்கள் விரலும் நம் லென்ஸும் சேர வேண்டும். “தம்பி, இங்க பாரு” என்று அவர் சொல்ல வேண்டும். “ஐயா, இதையும் பாருங்க” என்று நாம் சொல்ல வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்வெடுக்கும், பழுது பார்க்கும் வேலை நடக்கும். நமக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பரீட்சை முடிந்து விடுமுறை. என்ன பொருத்தம் பாருங்கள்! நம் மாணவர் சங்கம் ஆசிரியர்களின் துணையோடு இரண்டு நாள் முகாம் ஒன்றைக் கரையில் நடத்தலாம். விசைப்படகோடு, விருப்பப்பட்டு வரும் நாட்டுப்படகுகளையும் பார்க்கலாம்.

பெரிய கருவிகள் தேவையில்லை. வடத்தின் மேல் பஞ்சு வேஸ்ட்டை ஓட்டினால், அறுந்த கம்பி இருக்குமிடத்தில் பஞ்சு மாட்டிக் கொள்ளும். வெறும் கையால் தடவாதீர்கள், கை கிழியும். பின்களை வெர்னியரில் அளந்து தேய்மானம் குறிக்கலாம். கப்பியின் பள்ளத்தைப் பார்க்கலாம். வெயிலில் வெளுத்துப் பொடி உதிரும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றைத் தனியே எடுத்து வைக்கலாம். கடைசியாகப் படகுக்கு ஒரு அட்டை: எந்த உறுப்பு, என்ன அளவு, எந்த ஆண்டு போட்டது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு அட்டை இருக்கிறது, பத்துப் பேரைச் சுமந்து போகும் படகுக்கு இருக்கக் கூடாதா? ஒன்று மட்டும் கவனம். “இது சரியில்லை” என்று சொல்வது நம் வேலை. பாரம் தாங்கும் உறுப்பை நாமே கழற்றி மாட்டுவது அனுபவசாலியின் மேற்பார்வை இல்லாமல் கூடாது.

இதனால் நமக்கும் லாபம் உண்டு. கம்பி வடத்தைச் சோதிக்கத் தெரிந்தவனுக்குத் துறைமுகக் கிரேன், தொழிற்சாலைக் கிரேன், லிஃப்ட் என்று எத்தனையோ கதவுகள் இருக்கின்றன. இண்டர்வியூவில் “என்ன புராஜக்ட் செய்தாய்?” என்று கேட்டால், கடையில் விலைக்கு வாங்கிய மாடலைக் காட்டுவதைவிட, “எங்க ஊர்ப் படகுகளின் வடங்களைச் சோதித்து அட்டை போட்டோம்” என்று சொல்வது எவ்வளவு கம்பீரம்!

2018 செப்டம்பரில் நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்தார். ‘சுஹைலி’யின் அச்சில் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்ற அவருடைய படகு, தென் இந்தியப் பெருங்கடல் புயலில் புரண்டு மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரைச் சில நாள் கழித்துத்தான் மீட்க முடிந்தது. அதே மனிதர் மறுபடி எழுந்து, வேறொரு படகில் அதே பந்தயத்தில் 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். புயலை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் புயல் இல்லாத நாளில், சாதாரணக் காற்றில், ஒரு ஸ்பிலிட் பின் இல்லாத காரணத்தால் ஒரு மரம் சாய்ந்தால் அதை விதி என்று சொல்லக் கூடாது. அது நம் அலட்சியம்.

தோழர்களே! இந்த ஆண்டு விடுமுறையில் மணமேல்குடி பஸ்ஸில் ஏறுவோம். பையில் ஒரு லென்ஸ், ஒரு வெர்னியர், ஒரு பிடி பஞ்சு, ஒரு பாக்கெட் ஸ்பிலிட் பின். இவ்வளவு போதும், தொடங்குவதற்கு!